மியூசிக் வீடியோ, ஆல்பம் கவர் ப்ராஜெக்ட்: எந்த வழக்கத்தை பிடிச்சுக்கணும், எதை உடைக்கணும்

பாட்டுக்கு ஒரு வீடியோ, அதுக்கு ஒரு ஆல்பம் பேக்கேஜ், கடைசில "நீங்க எந்த கன்வென்ஷனை (வழக்கத்தை) ஃபாலோ பண்ணீங்க, எதை சேலஞ்ச் பண்ணீங்க"ன்னு ஒரு ரிப்போர்ட். பிரிட்டன்ல ஏ லெவல்ல, அதாவது நம்ம ப்ளஸ் டூ மாதிரி படிப்புல, மீடியா படிச்ச பசங்க வருஷக்கணக்கா பதில் எழுதுன கேள்வி இது, இப்ப நம்மூர்ல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பசங்களும் இதே மாதிரி ப்ராஜெக்ட் பண்றாங்க. சேலம் பசங்க எடுக்குற வீடியோ நான் நிறைய பாக்கறேன், கேமரா வேலை அருமையா இருக்கு, எடிட்டும் நல்லா இருக்கு, ஆனா ரிப்போர்ட்டை எடுத்து படிச்சா "நாங்க எல்லா கன்வென்ஷனையும் பிரேக் பண்ணிருக்கோம்"னு ஒரே வரில முடிச்சுடறாங்க. சரி தம்பி, யாரோட கன்வென்ஷன்னு கேட்டா பதில் வராது. அந்த பதில்தான் மொத்த ப்ராஜெக்ட்டுக்கும் அடிப்படை, அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கலாம்.

யாரோட வழக்கம்?

மீடியா வகுப்புல எல்லாரும் எடுத்துக்காட்டுறது மியூசிக் வீடியோ பத்தி ஆராய்ஞ்ச ஆண்ட்ரூ குட்வின் 1992-ல சொன்ன விஷயங்களைத்தான். பாட்டு வரிக்கும் படத்துக்கும் ஒரு உறவு இருக்கும்: படம் வரியை அப்படியே காட்டலாம், வரில இல்லாததையும் சேத்து பெருசாக்கி காட்டலாம், இல்ல வரிக்கு சம்பந்தமே இல்லாம வேற பக்கம் போகலாம். மியூசிக்குக்கும் படத்துக்கும் அதே மாதிரி உறவு இருக்கும். ராக்குன்னா மேடையும் கிட்டாரும், ஹிப் ஹாப்புன்னா தெருவும் கூட்டமும்னு ஒவ்வொரு வகைக்கும் ஒரு தோரணை உண்டு. பாடகரோட முகத்தை க்ளோசப்ல திரும்பத் திரும்ப காட்டச் சொல்லி ரெக்கார்டு கம்பெனி கேக்கும். கேமரா யாரை எப்படி பாக்குதுங்கிறது ஒண்ணு, குறிப்பா பொண்ணுங்க உடம்பை எப்படி பாக்குதுங்கிறது. வேற படத்தையோ வேற வீடியோவையோ ஞாபகப்படுத்துற ஷாட்டும் அந்த லிஸ்ட்ல இருக்கு. 1981 ஆகஸ்ட்ல எம்டிவி ஆரம்பிச்சதுக்கப்புறம் அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் வளந்த வீடியோக்களை வெச்சு போட்ட லிஸ்ட்டுங்க இது.

நம்ம கதை வேற. நமக்கு பாட்டுன்னாலே சினிமா பாட்டுதான். சேலத்துல ஏற்காடு ரோட்டுல போறப்ப மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவோட அந்த பழைய முகப்பு வளைவை எல்லாருமே பாத்திருப்பீங்க. டி.ஆர்.சுந்தரம் 1935-ல ஆரம்பிச்சது, மலையாளத்தோட முதல் பேசும் படம் 1938-ல இவங்க தயாரிப்புல வந்ததுதான், தமிழ்ல முதல் முழுநீள கலர் படமும் 1956-ல இவங்களோடதுதான். ஒரு பாட்டை எப்படி படமாக்கணும்ங்கிற நம்ம பழக்கம் இந்த மாதிரி ஸ்டூடியோக்கள்ல வளந்து வந்தது, அதுல முக்கியமான விஷயம் என்னன்னா பின்னணிப் பாட்டு வந்ததுக்கப்புறம் பாடுறவர் ஒருத்தர், வாயசைக்கிறவர் இன்னொருத்தர். பாடுனவங்க முகத்தை ரசிகர் ஸ்க்ரீன்ல பாக்கவே மாட்டார், கேசட் அட்டைலயும் ஹீரோ ஹீரோயின்தான் பெருசா இருப்பாங்க, இசையமைப்பாளர் ஒரு மூலைல சின்னதா இருப்பார், பாடகர் பேரு பின்பக்கம் பொடி எழுத்துல கிடக்கும்.

இப்ப உங்க க்ளாஸ்ல பாடுற பொண்ணையே கேமரா முன்னாடி நிக்க வெச்சு முகத்துக்கு க்ளோசப் வெச்சு பாட வெச்சீங்கன்னா, குட்வின் லிஸ்ட் படி அது கன்வென்ஷனை ஃபாலோ பண்றது, தமிழ் சினிமா பாட்டு படி அது கன்வென்ஷனை உடைக்கிறது. ஒரே ஷாட்டுதான், ரெண்டு பதிலும் சரிதான். இதை புரிஞ்சுக்கிட்டு எழுதுன ரிப்போர்ட் கைல வந்தா எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கும், ஏன்னா அந்த ஸ்டூடண்ட் நிஜமாவே யோசிச்சிருக்காங்கன்னு தெரியும்.

முதல்ல பாருங்க, சத்தம் இல்லாம

உங்க பாட்டு எந்த வகையோ அதே வகைல அஞ்சாறு வீடியோ எடுத்துக்குங்க, சினிமா பாட்டும் இருக்கட்டும் தனிப்பாட்டும் இருக்கட்டும். மியூட் பண்ணி பாருங்க. சத்தம் போனதும் பாட்டு உங்களை இழுத்துட்டு போகாது, படத்தோட எலும்புக்கூடு மட்டும் நிக்கும். ஒரு நோட்ல டைம் எழுதி பக்கத்துல என்ன ஷாட், யார் இருக்காங்க, எந்த எடம், கேமரா நகருதா இல்லையான்னு குறிச்சுக்கிட்டே வாங்க. ரெண்டாவது தடவை சத்தத்தோட பாருங்க, பல்லவி எங்க திரும்ப வருது, சரணம் எங்க ஆரம்பிக்குதுன்னு அதே நோட்ல மார்க் பண்ணுங்க.

அப்ப ஒண்ணு கண்ணுல படும். நம்ம பாட்டு வீடியோவோட அமைப்பு பெரும்பாலும் பல்லவி சரணத்து மேலதான் நிக்குது. பல்லவிக்கு ஒரு எடம், முதல் சரணத்துக்கு வேற எடம் வேற ட்ரெஸ், நடுவுல வர்ற இசைக்கு இயற்கைக் காட்சியோ க்ரூப் டான்ஸோ, பல்லவி திரும்ப வந்தா பழைய எடத்துக்கே திரும்பறது. இதை யாரும் க்ளாஸ்ல சொல்லித்தரல ஆனா எல்லாருக்கும் தெரியும். இதையே நீங்க மொத்தமா ஒரே எடத்துல ஒரே ட்ரெஸ்ல எடுத்தீங்கன்னா பாக்கறவங்களுக்கு ஏதோ வித்தியாசமா படும், என்னன்னு சொல்லத் தெரியாது. ரிப்போர்ட்ல அதைச் சொல்ல வேண்டியது நீங்க.

ஏற்காடு பனியை என்ன பண்றது

சேலம் ஸ்டூடண்ட் வீடியோன்னா பாதிக்கு மேல ஏற்காடுதான், கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர்ல மலை இருக்கறப்ப யாருக்குத்தான் ஆசை வராது. 20 கொண்டை ஊசி வளைவுல பைக்கு, ஏரில படகு, லேடீஸ் சீட்ல சாயங்காலம், பகோடா பாயிண்ட்ல கை விரிச்சு நிக்கறது, நடுவுல பனிமூட்டம். காதல் பாட்டுன்னா ரெண்டு பேர், சோகப் பாட்டுன்னா அதே எடத்துல ஒருத்தர். இது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், மலையும் பனியும் காதலும் சேந்து வர்றது நம்ம சினிமால ரொம்ப பழைய வழக்கம், அதை ஃபாலோ பண்ணனும்னு முடிவு பண்ணா நல்லா ஃபாலோ பண்ணுங்க. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் விடியக்காலைல பனி கெட்டியா இருக்கும், வெயில் ஏறுனா கலைஞ்சுரும், அதனால முதல் நாள் ராத்திரியே மேல போய் தங்கிட்டா நல்லது. சனி ஞாயிறு வேண்டாம், ஃப்ரேம்ல கூட்டம் வந்துரும்.

உடைக்கணும்னா? பனி இல்லாம வேற ஊர்ல எடுக்கறது உடைக்கறது ஆகாது, அது வெறுமனே வேற வீடியோ. பாக்கறவங்களுக்கு பழைய வழக்கம் ஞாபகம் வந்தாத்தான் நீங்க அதை மாத்துனது தெரியும். அதனால பனியை வைங்க, வளைவை வைங்க, லேடீஸ் சீட்டையும் வைங்க, ஆனா கேமரா யார் கண்ணு வழியா பாக்குதுங்கிறதை மட்டும் மாத்துங்க. காப்பித் தோட்டத்துல பழம் பறிக்கிறவங்க இருக்காங்க, மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையா அந்த மலைல வாழறாங்க, ரோட்டோரத்துல மிளகும் காப்பித்தூளும் விக்கிறவங்க இருக்காங்க. அவங்க நிக்கிற எடத்துல கேமராவை வெச்சு, செல்ஃபி எடுக்கற டூரிஸ்ட் ஜோடியை தூரத்துல சின்னதா காட்டுங்க. வழக்கமா அந்த ஜோடிதான் முன்னாடி, மலைக்காரங்க பின்னாடி மங்கலா போவாங்க. நீங்க ஃபோகஸை மட்டும் திருப்பி வெச்சிருக்கீங்க. குட்வின் சொன்ன அந்த பாக்குற விஷயம் இதுதான், யார் பாக்கறாங்க யார் பாக்கப்படறாங்கன்னு. இந்த ஒரு மாற்றத்துக்கு ரிப்போர்ட்ல ஒரு முழுப் பக்கம் எழுதலாம்.

ஆனா ஒண்ணு, தோட்டத்துல வேலை செய்றவங்களை கேக்காம ஜூம் போட்டு எடுக்காதீங்க. எஸ்டேட்காரங்க கிட்ட பர்மிஷன், வேலை செய்றவங்க கிட்ட தனியா சம்மதம், ரெண்டும் வேணும். காட்டுப்பகுதின்னா வனத்துறை அனுமதி. ட்ரோன் பறக்க விடறதுக்கு முன்னாடி அரசோட ட்ரோன் வெப்சைட்டான டிஜிட்டல் ஸ்கை மேப்ல அந்த எடம் பச்சையா மஞ்சளா சிவப்பான்னு பாத்துக்குங்க, ஓமலூர் பக்கம் ஷூட்டுன்னா கட்டாயம் பாருங்க, காமலாபுரத்துல ஏர்போர்ட் இருக்கு.

ஒண்ணை மட்டும் மாத்துங்க

என்னோட உறுதியான கருத்து, எட்டு விஷயத்தை உடைச்சா எதுவுமே உடைஞ்ச மாதிரி தெரியாது. ஒரு உதாரணம் சொல்றேன். கொலுசு பத்தி ஒரு பாட்டுன்னு வெச்சுக்குவோம். கொலுசுன்னதும் தமிழ் ரசிகருக்கு மனசுல ஓடற ஷாட் எது? படிக்கட்டுல இறங்கற பொண்ணோட பாதம், க்ளோசப், ஸ்லோ மோஷன், பின்னாடி இருந்து லைட்டு. எத்தனையோ படத்துல பாத்தாச்சு. ஆனா சேலத்துல கொலுசு வேற மாதிரி ஒரு பொருள், செவ்வாய்ப்பேட்டை பக்கம் போனா பட்டறைக்குள்ளயும் வீட்டுத் திண்ணைலயும் உக்காந்து அதை செய்றாங்க, வெள்ளித் துண்டுங்களை சூடு காட்டி ஒட்ட பத்த வைக்கிறது ஒருத்தர், முத்து கோக்கறது ஒருத்தர், மெருகு போடறது ஒருத்தர்.

இப்ப அந்த சினிமா ஷாட்டை அப்படியே வெச்சுக்குங்க. அதே க்ளோசப், அதே ஸ்லோ மோஷன், அதே பேக் லைட்டு. பாதத்துக்கு பதிலா பத்த வைக்கிற கை. அவ்ளோதான். மத்த எல்லாமே வழக்கப்படி இருக்கறதால அந்த ஒரு மாற்றம் பளிச்சுன்னு தெரியும், அழகுன்னு நாம பாத்துட்டு இருந்த பொருளுக்கு பின்னாடி ஒரு ஆள் இருக்கார்னு பாட்டுல ஒரு வரி கூட சேக்காம சொல்லிட்டீங்க. இதே வேலையை ட்ரெஸ்ல பண்ணவங்க தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கிற இசைக்குழு, 2018 ஜனவரில சென்னைல மேடை ஏறுனாங்க, கானா பாடுறவங்களும் ராப் பாடுறவங்களும் ஒரே மாதிரி கோட்டு சூட்டுல. கானாப் பாடகர்னா சினிமா காட்டிட்டு வந்த லுங்கி, பனியன் உருவத்தை அந்த ஒரு ட்ரெஸ்ஸே கேள்வி கேட்டுச்சு, பாட்டு கானாவாவே இருந்துச்சு.

ஷூட்டுக்கு சில விஷயம், வேகமா சொல்லிடறேன்

பட்டறைக்குள்ள ட்யூப் லைட் இருக்கும், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால 25 ஃப்ரேம் ரேட்டு, ஷட்டர் 50-ல ஒரு பங்கு செகண்டுன்னு வெச்சா ஃப்ளிக்கர், அதாவது லைட்டு துடிக்கிறது, வராது. ஃபோன் தானா 30 ஃப்ரேம்ல போயிரும், பிளாக்மேஜிக் கேமரா மாதிரி ஃப்ரீ ஆப் போட்டு கைல செட் பண்ணிக்குங்க. ஸ்லோ மோஷன்ல வாயசைக்கணும்னா பாட்டை டபுள் ஸ்பீடுல ஓடவிட்டு 50 ஃப்ரேம்ல எடுங்க, எடிட்ல 25 ஃப்ரேம் டைம்லைன்ல பாதி வேகத்துல போட்டா உதடு கரெக்டா பொருந்தும், ஆனா பாடுறவங்க வீட்ல முன்னாடியே வேகமா பாடி பழகிட்டு வரணும். பீட்டுல கட் பண்றது வழக்கம், கணக்கு ஈஸிதான், பாட்டு நிமிஷத்துக்கு 100 பீட்டுன்னா ஒரு பீட்டுக்கு 15 ஃப்ரேம். ஆனா முழு பாட்டையும் பீட்டுலயே வெட்டுனா கண்ணு களைச்சுரும், ஒரு சரணம் முழுக்க வெட்டாம ஒரே ஷாட்டுல விட்டுப் பாருங்க. லொகேஷன்ல பாட்டை ஸ்பீக்கர்ல போடறப்ப கேமரா மைக்லயும் அது பதிவாகட்டும், எடிட்ல பாட்டையும் உதட்டையும் பொருத்த (சிங்க் பண்ண) அதுதான் கை குடுக்கும்.

பேக்கேஜிங்தான் பலரும் கோட்டை விடற எடம்

வீடியோவுக்கு ரெண்டு மாசம் உழைச்சுட்டு கவரை கடைசி ராத்திரில பண்றாங்க, வீடியோல இருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட், மேல ஒரு ஃபாண்ட்டு, முடிஞ்சுது. இது எனக்கு நிஜமாவே வருத்தம், ஏன்னா கவருக்கு வீடியோவை விட நீளமான வரலாறு இருக்கு. 1940 வாக்குல கொலம்பியா ரெக்கார்ட்ஸ்ல வேலை பாத்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் படம் போட்ட அட்டையை கொண்டு வர்றதுக்கு முன்னாடி இசைத்தட்டு பெரும்பாலும் வெறும் அட்டைக்குள்ளதான் வித்துச்சு. 1948-ல எல்பிங்கிற நீண்ட நேர இசைத்தட்டு வந்தப்ப 12 இஞ்ச் அகலத்துக்கு டிசைனருக்கு எடம் கிடைச்சுது. பிலிப்ஸ் 1963-ல கொண்டு வந்த கேசட்ல அது உள்ளங்கை அளவு ஆச்சு, 1982-ல சிடி வந்தப்ப 12 சென்டிமீட்டர் சதுரம், இன்னைக்கு ஃபோன்ல பாட்டு லிஸ்ட்ல கட்டைவிரல் நகம் அளவுதான். அளவு மாறுனப்ப எல்லாம் வழக்கமும் மாறுச்சு, எல்பில தூரத்துல நிக்கிற ஆளை கூட வைக்கலாம், ஃபோன்ல முகமோ ஒரு பெரிய எழுத்தோதான் எடுபடும்.

அதனால முதல் முடிவு எந்த வடிவம்ங்கிறது. சிடின்னா முன்பக்க அட்டை ஏறக்குறைய 12-க்கு 12 செ.மீ., பின்பக்க அட்டை ரெண்டு பக்க முதுகோட (ஓரத்துல மடியற பட்டை) சேத்து 15.1-க்கு 11.8. கேசட்டுன்னா முன்பக்கம் 10 செ.மீ. உயரம் 6.5 அகலம், முதுகு ஒண்ணேகால் செ.மீ. பக்கம். பிரஸ்ல டெம்ப்ளேட் கேட்டு வாங்கிட்டு அப்புறம் டிசைன் ஆரம்பிங்க, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுல போற கூடுதல் ஓரம்) விடுங்க, 300 டிபிஐ, கலர் பிரிண்ட்டுக்கான சிஎம்ஒய்கே. ஆன்லைனுக்கு 3000-க்கு 3000 பிக்சல் சதுரம் ஒண்ணு தனியா.

கட்டாயம் இருக்க வேண்டியது: முதுகுல பேரு, பின்பக்கம் பாட்டு வரிசை, பாட்டு நேரம், இசை, வரி, குரல் யார்னு விவரம், ஒலிப்பதிவு உரிமைக்கு வட்டத்துக்குள்ள பி, டிசைன் உரிமைக்கு வட்டத்துக்குள்ள சி, வருஷம், பார்கோடு. பார்கோடு சும்மா மாதிரிக்கு போடறதுன்னாலும் 890-ல ஆரம்பிங்க, இந்தியால பதிவான பொருளுக்கு அதுதான் வரும். அமெரிக்க ஆல்பத்துல பாத்துட்டு பேரண்டல் அட்வைசரி (கெட்ட வார்த்தை இருக்குன்னு பெத்தவங்களை எச்சரிக்கிற) ஸ்டிக்கரை சிலர் ஒட்டறாங்க, அது 1990-ல அங்க ஒரே மாதிரியா வந்த லேபிள், தமிழ் ஆல்பத்துல அதை ஒட்டறீங்கன்னா ஏன்னு ரிப்போர்ட்ல பதில் வேணும்.

இப்ப நம்ம பக்கத்து வழக்கத்துக்கு வாங்க. கம்பெனி கேசட் ஒரு பக்கம், அதை விட எனக்கு நெருக்கமானது ரெக்கார்டிங் சென்டர் கேசட். அப்பல்லாம் டிடிகே கம்பெனியோட 60 நிமிஷமோ 90 நிமிஷமோ ஓடற வெத்து கேசட் வாங்கி குடுத்து, பாட்டு லிஸ்ட் எழுதி குடுத்தா ரெண்டு நாள்ல பதிஞ்சு தருவாங்க, உள்ள அட்டைல ஏ சைடு பி சைடுன்னு பால்பாயிண்ட் பேனால கைப்பட எழுதிருக்கும். படம் கிடையாது. ஆனா உங்க அப்பா அம்மா வயசுக்காரங்க பாத்த உடனே கண்டுபுடிச்சுருவாங்க, அந்த அளவுக்கு அது பழகிப்போன பேக்கேஜ். இதை உங்க ஆல்பத்துக்கு எடுத்துக்கிட்டா கம்பெனி கேசட்டோட ஹீரோ முகத்தை விட்டுட்டு, இன்னொரு தமிழ் வழக்கத்தை பிடிச்சுக்கிறீங்க. ஆனா கையெழுத்து நிஜக் கையெழுத்தா இருக்கணும், கையெழுத்து மாதிரி ஃபாண்ட்டு போட்டா ஒரே எழுத்து ரெண்டு எடத்துல அச்சு அசலா வரும், குட்டு வெளிப்பட்டுரும்.

கொலுசு ஆல்பத்துக்கு நான் வேற பண்ணுவேன். வெள்ளிக் கடைல கொலுசை மடிச்சு குடுக்கற அந்த ரோஸ் கலர் மெலிசு பேப்பர் இருக்கே, சிடியை அதுல மடிச்சு வெச்சுருவேன். முன்னாடி பொண்ணோட பாதமும் வேண்டாம், கையும் வேண்டாம், பேப்பருக்கு வெளில ஆல்பம் பேரு மட்டும், பிரிச்சா உள்ள பாட்டு வரிசை பட்டறைல எடை எழுதற சீட்டு மாதிரி. வீடியோல பாதத்தை எடுத்துட்டு கையை வெச்சோம், கவர்லயும் அதே எடத்துலதான் உடைக்கிறோம், ஹீரோயினை எடுத்துட்டு பொருளை வைக்கிறோம். வீடியோ ஒரு பக்கம் கவர் ஒரு பக்கம் உடைச்சா ரெண்டும் ஒரே ஆல்பம்னு யாருக்கும் தோணாது. ஆன்லைன் சதுரத்துக்கு அந்த ரோஸ் பேப்பரை மடிச்ச நிலைல மேல இருந்து ஒரு ஃபோட்டோ, சின்னதா ஆனாலும் அந்த கலர் தனியா தெரியும்.

தமிழ் எழுத்து விஷயத்துல கவனமா இருங்க. பழைய வெர்ஷன் ஃபோட்டோஷாப்ல செட்டிங் மாத்தாம தமிழ் அடிச்சா கொம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கம் போயிரும், டைப் செட்டிங்ல வேர்ல்டு ரெடி லேஅவுட் ஆன் பண்ணுங்க. ஃப்ரீயா கிடைக்கிற தமிழ் ஃபாண்ட்டுல கேட்டமரான், பாலு தம்பி, கவிவனார், மீரா இனிமை எல்லாம் நல்லா இருக்கு, ஆனா தலைப்புக்கு கைல எழுதி ஸ்கேன் பண்றதுதான் என் விருப்பம். பேரை இங்கிலீஷ் எழுத்துல போடறது இப்ப தனிப்பாட்டுல பரவலா இருக்கற வழக்கம்தான், தமிழ் எழுத்துல போட்டாலே சிலருக்கு பழைய பட டைட்டில் ஞாபகம் வரும், எது வேணும்னு பாட்டைக் கேட்டு முடிவு பண்ணுங்க.

ரிப்போர்ட்

ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் நாலு விஷயம் வேணும்: டைம், வழக்கம் என்ன, அது யாரோட வழக்கம், நீங்க என்ன பண்ணீங்க ஏன் பண்ணீங்க. இப்படி எழுதலாம்: "1:12-ல வர்ற க்ளோசப், தமிழ் சினிமா பாட்டுல கொலுசுக்கு வழக்கமா வைக்கிற பாத க்ளோசப்போட லைட்டையும் வேகத்தையும் அப்படியே எடுத்துக்கிட்டோம், பாதத்துக்கு பதிலா செய்றவரோட கை வெச்சோம், பாட்டோட ரெண்டாவது சரணம் அவர் குரல்ல இருக்கறதால." பக்கத்துல உங்க ஷாட்டும், ஒப்பிட எடுத்த பழைய ஷாட்டும் சின்ன படமா வைங்க. ஃபாலோ பண்ண விஷயத்தையும் இதே அக்கறையோட எழுதுங்க, பல பேர் உடைச்சதை மட்டும் ரெண்டு பக்கம் எழுதிட்டு ஃபாலோ பண்ணதை ஒளிச்சு வைக்கிறாங்க, ஒரு வழக்கத்தை தெரிஞ்சே ஏத்துக்கறதும் ஒரு முடிவுதான், அதுக்கும் மார்க் உண்டு.

கவரை சோதிக்க ஒரு வழி இருக்கு. பாட்டை கேக்காத ஒருத்தர் கிட்ட கவரை மட்டும் குடுத்து இது எந்த மாதிரி பாட்டுன்னு கேளுங்க, அப்புறம் மியூட்ல வீடியோ முப்பது செகண்டு காட்டி அதே கேள்வி. ரெண்டு பதிலும் பக்கத்துல பக்கத்துல வந்தா சரி, எங்கயோ போனா எது தப்பா சிக்னல் குடுக்குதுன்னு பாருங்க, பெரும்பாலும் ஃபாண்ட்டா இருக்கும் இல்ல கலரா இருக்கும்.

சப்மிட் பண்றதுக்கு முன்னாடி பட்டறைல ஷூட் பண்ணவங்களுக்கும் தோட்டத்துல ஷூட் பண்ணவங்களுக்கும் முழு வீடியோவையும் போட்டுக் காட்டுங்க, ஃபோன்ல அனுப்பிட்டு விட்டுறாம நேர்ல போய் பக்கத்துல உக்காந்து காட்டுங்க. எந்த ஷாட் வேண்டாம்னு சொல்றாங்களோ அதை எடுத்துருங்க, கவர்ல அவங்க பேரு போடலாமான்னும் அப்பவே கேட்டுக்குங்க, இதுக்காக எடிட் முடியற தேதிக்கும் சப்மிஷனுக்கும் நடுவுல ஒரு வாரம் விட்டு வைங்க.